ஆளுக்கு ஒரு ஜிபி

ரோவனியெமியில் மூன்றரை மணி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு.
உள்ளே சர்வர் மட்டும் கொதிக்கிறது.

கேட்டது ஒன்றும் பெரிதில்லை:
நேற்றிரவு எத்தனை கலைமான்கள்
நெடுஞ்சாலைக்குக் கிழக்கே படுத்தன?
ஐந்தரைக்கு மரலாரிகள் கிளம்பும்.
அதற்குள் ஆஸ்லாக்குக்கு ஓர் எண் வேண்டும்.

நானூற்றுப் பத்துக் கழுத்துப்பட்டைகள்.
பட்டைக்கு ஒரு ஜேசன் ஃபைல்.
எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும்
முந்நூறு எம்பி தேறாது.
சிர்க்கா அனுப்பிய நாய்க்குட்டிப் படங்களே
என் போனில் அதைவிட அதிகம்.

ஐந்து வரி எஸ்க்யூஎல்.
ஓட்டுகிறேன்.
முப்பத்திரண்டு ஜிபியையும் முழுங்கி
ஒரு விக்கல்கூட இல்லாமல் செத்துப்போகிறது.
'கொல்லப்பட்டது' என்கிறது திரை,
கொன்றது யார் என்று சொல்லாமல்.

முதலில் எல்லோரையும் போலத்தான் சந்தேகப்பட்டேன்.
வேண்டாத பத்திகளை வெட்டினேன்,
பனியின் ஆழம், பேட்டரி, காற்று.
தேதியைச் சுருக்கினேன்.
குரூப் பையைக் கழற்றினேன்.
எங்கோ ஓர் அடுக்குக்குள் அடுக்கு புகுந்து
பெருகுகிறதோ என்று
ஃபைல் ஃபைலாகத் திறந்து பார்த்தேன்;
எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள்.
ஒரே ஒரு வரிசை போதும் என்று கெஞ்சினேன்.
அப்போதும் செத்தது.
எட்டு ஜிபிக்கு மேல் தொடாதே என்று கட்டளையிட்டேன்.
எட்டைத் தொட்டதும்
'இடமில்லை' என்று பதில்,
ஏதோ என் தப்பு மாதிரி.

(என் தப்புதான். அது பிறகு.)

சிர்க்கா காலுறையோடு வந்து
பின்னால் நின்றாள்.
"த்ரெட்டைக் குறைத்துப் பார்."
நாற்பது ஃபைலை மட்டும் வைத்து ஓட்டினோம்.
ஒரு த்ரெட், ஒரு ஜிபி.
இரண்டு த்ரெட், இரண்டு.
எட்டுக்கு எட்டு.
அவள் குறும்பாக
நாற்பது காலி ஃபைல்களை வைத்தாள்,
இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை.
அதே கணக்கு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
ஃபைலைப் படிக்கும் வரியின் கடைசியில்
காற்புள்ளிக்கு அப்பால் ஒதுங்கி நின்ற
பத்து இலக்க எண்.
ஒரு பதிவு எவ்வளவு பெரிதாக வரலாம்
என்பதற்கான உச்சவரம்பு.
வருவது எவ்வளவு சிறிதானாலும்
ஒவ்வொரு த்ரெட்டும் அந்த அளவுக்கு
முன்கூட்டியே பாத்திரம் வைத்துக் காத்திருக்கிறது.
ஆழாக்கு அரிசிக்கு
முப்பத்திரண்டு அண்டா.

எழுதியது யார்?
பழைய மாற்றங்களைப் புரட்டினேன்.
மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதம்.
காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: 'தற்காலிகம்'.
பெயர் என்ற இடத்தில் நான்.

ஞாபகம் வந்தது.
பனியில் புதைந்த ஒரு பட்டை.
குளிர்காலம் முழுக்கப் பேச ஆள் கிடைக்காமல்
தனக்குள்ளேயே எழுதி எழுதி
பனி உருகிய அன்று
அத்தனையையும் ஒரே அடைப்புக்குறிக்குள் கொட்டியது.
எண்ணூறு எம்பி.
மூச்சு விடாத ஒற்றை வாக்கியம்.
அதைப் படிக்கத்தான் வரம்பை ஏற்றினேன்.
படித்தேன்.
அதே இடம், அதே இடம், அதே இடம்
என்பதைத் தவிர
அதில் ஒன்றுமே இல்லை.
அந்த மான் மீண்டும் அனுப்பவில்லை.
நான் மீண்டும் இறக்கவில்லை.

எண்ணை அழித்தேன்.
நாலு நொடி.
விசிறியின் இரைச்சல் அடங்கியதும்தான் தெரிந்தது
இவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்தது என்று.
பதினேழு.

ஐந்து பத்துக்கு ஆஸ்லாக்குக்கு அனுப்பினேன்.
ஐந்து பதினொன்றுக்குப் பதில்:
"பதினாறு.
ஒன்று என் சமையலறை மேசையில் கிடக்கிறது.
கொக்கி உடைந்துவிட்டது."