ஆட்சேபணை இல்லை

முதலில் போனது ஆம்பூர்.
சென்னை லீக், இரண்டாம் டிவிஷன்.
மற்ற ஐந்து கல்லூரிகளும் எழுதித் தர வேண்டுமாம்
ஆட்சேபணை இல்லை என்று.
குடியாத்தத்துக் கடிதத்தை டைப் அடித்தது நான்.
முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவை மூடாமல் மேஜைமேல் எறிந்தார்.
கசிந்த மை
'வாழ்த்துகள்' என்ற சொல்லின் காலை நனைத்தது.
திரும்ப அடிக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.

அடுத்த மாதம் ராணிப்பேட்டை.
ஜூலையில் வாலாஜாவைக் காஞ்சிபுரம் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள்.
பாலாறாவது வற்ற வருஷங்கள் எடுத்துக்கொண்டது.
பி.டி. மாஸ்டர் எத்திராஜுலு
அட்டவணை போட்டுப் போட்டு அழித்தார்.
"மூணு பேரை வெச்சி லீக்கா?
கேரம்போர்டுக்கே ஒரு ஆள் கொறையுது."

எங்களுக்கும் ஒரு விண்ணப்பம் வந்தது, பதினோரு பக்கம்.
மைதானத்தில் எத்தனை இருக்கைகள்?
வெளியே போய்க் காம்பவுண்டு சுவரை அளந்தேன்.
ஆளுக்கு ஒன்றரை அடி,
கண்ணாடித் துண்டு பதித்த மேற்குப் பக்கம் நீங்கலாக
நானூற்றுப் பத்து.
மின்விளக்கு?
பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனி வெளிச்சம்
வலது கார்னர் வரைக்கும் விழும்.
'உண்டு' என்று அடித்தேன்.
உடை மாற்றும் அறை?
தாவரவியல் ஆய்வகம், ஐந்து மணிக்கு மேல்.
வழக்கமான எதிரணி யார்?
ஆம்பூர் என்று அடித்து
அதன்மேல் ஐந்து பெருக்கல் குறி அடித்தேன்.

மதியம் பேரணாம்பட்டிலிருந்து போன்.
அங்கே விளையாட்டுப் பொறுப்பு முபஷ்ஷிர் சார்,
வணிகவியல்காரர், பந்தைக் காலால் தொட்டதில்லை.
"மேடம், தபால்ல போட்டாச்சா?"
இன்னும் இல்லை சார்.
"போட்டுடுவீங்க, இல்ல?"
லைன் கிடைக்காத மாதிரி
ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கத்தினேன்.
அவர் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.

நாலு மணித் தபாலில் போட்டேன்.
ரெஜிஸ்தர், ஒப்புகை அட்டையுடன்.

இடம் கிடைத்தது. வேறெதோ கல்லூரி பணம் கட்டவில்லையாம்.
ஆளுக்கொரு லட்டு. முதல்வர் அறையில் புதுத் திரைச்சீலை.
முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம்.
நான் பார்த்ததெல்லாம் வவுச்சர்தான்:
ரயில், பதினெட்டுப் பேர், போக வர.
எலுமிச்சை இரண்டு டஜன்.
ஐஸ்.
கோல்கீப்பர் முனிரத்தினத்துக்கு முட்டிக் கட்டு.
'காரணம்' என்ற கட்டத்தில் மாஸ்டர் எழுதியிருந்தார்: புல்.

செம்மண்ணில் வளர்ந்த பையன்கள்.
இறங்கியதும் குனிந்து தொட்டுப் பார்த்தார்களாம்.
அதன்மேல் பந்து அப்படி வழுக்கிக்கொண்டு ஓடும் என்று
இங்கே யாருக்குத் தெரியும்?

ஆம்பூரும் அதே டிவிஷன்தான்.
இரண்டு ஊருக்கும் நடுவே முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
மோதிக்கொள்ள நூற்றைம்பது போனார்கள்.
முன்பெல்லாம் அந்த ஆட்டத்தன்று
சுவரில் இடம் பிடிக்கத் துண்டு போட்டு வைப்பார்கள்,
கண்ணாடி பதித்த பக்கத்தில் கோணிப்பை மடித்து உட்காருவார்கள்.
அங்கே பார்க்க வந்தது ஒன்பது பேர்.
நாலு பேர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள்.
ஒன்றுக்கு ஒன்று. சமன்.
திரும்பி வரும் ரயிலில் இரண்டு அணியும் ஒரே பெட்டி.
யாரும் யாரையும் திட்டவில்லை என்று
மாஸ்டர் வருத்தப்பட்டுச் சொன்னார்.

மார்ச் மாதம் பேரணாம்பட்டுக் கடிதம்.
எல்லைக்கு அந்தப் பக்கம், பலமனேரில் ஒரு லீக்,
சேர்த்துக்கொள்கிறார்களாம்.
பழைய விதிப்படி தங்கள் கல்லூரியின் இசைவு தேவை.
இப்படிக்கு, முபஷ்ஷிர்.
கீழே பேனாவால், சின்னதாக:
மேடம், கொஞ்சம் சீக்கிரம்.

தாளைச் சுற்றினேன். கார்பனைத் திருப்பி வைத்துவிட்டேன் போல.
உருவி எடுத்தபோது நகல் வெள்ளையாக இருந்தது.
கடிதத்தின் முதுகில்
ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை இல்லை என்ற வரியெல்லாம்
இடவலம் மாறிக் கறுப்பாகப் பதிந்திருந்தது.
கண்ணாடியில் காட்டினால் படிக்கலாம்.

இந்தத் தடவை திரும்ப அடித்தேன்,
பிசிறில்லாமல்.