ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

பால் சொசைட்டியில் இன்றும் கொழுப்புக் குறைவு.
சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
நேரே கோயிலுக்கு வந்துவிட்டேன்,
கையில் தொழுவ வாசத்தோடு.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கின்றன.
கணவாய்க் காற்று பனைகளையெல்லாம்
ஒரே பக்கமாய் வாரிவிடுகிறது.
தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
சிலுவைப்பாதை இம்முறை பிள்ளைகள் வாசிக்க,
ஆளுக்கொரு நிலை.
என் சலேத்துக்கு ஒன்பது.

உபதேசியார் இஞ்ஞாசி நோட்டைப் பார்த்துப்
பேர் சொன்னபோதே எனக்கு வயிறு கலங்கியது.
“இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்.”
அந்த ‘மூ’வில்தான் அவன் நாக்கு மாட்டும்.
மூக்கு, முட்டை, மூணாம் வாய்ப்பாடு,
எல்லாம் அவனுக்குப் பாசிப் பாறை.
பள்ளிக்கூடத்து மலையாளப் பாடத்திலோ
எல்லா எழுத்துமே பாறை.
பின்பெஞ்சில் ஒருவன் அவனைப் போலவே
திக்கிக் காட்டுவானாம்.
அதை அவன் சொல்லவில்லை,
பக்கத்து வீட்டு பிரிட்டோ சொன்னான்.

இஞ்ஞாசியிடம் தனியாகப் போனேன்.
நாலாவது குடுங்க,
தாயைச் சந்திக்கிற நிலை, அதில் மூ இல்லை.
சரியென்று பென்சிலால் அடித்து மாற்றினார்.

இரவு சோற்றுத்தட்டை நகர்த்திவிட்டான்.
“யா... யாரு உன்னக் கேக்கச் சொன்னா?”
மறுநாள் அவனே போய்
அந்தப் பென்சில் கோட்டை அழிக்க வைத்தான்.
பிறகு ஒரு வாரம்
தொழுவத்தில் நின்று எருமைக்கு வாசித்தான்.
மூ. மூ. மூ.
எருமை திரும்பிப் பார்த்தது,
தன்னைத்தான் கூப்பிடுகிறானென்று.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அவன்தான் சிரித்தான்.

அப்புறம் ஒன்று கேட்டான்.
(திக்காமல் எழுதுகிறேன்.
அவன் கேட்டு முடிப்பதற்குள் உலை பொங்கி வழிந்துவிட்டது.)
“அஞ்சுல சீமோன் வந்து சுமக்கிறாரு.
ஆறுல வெரோணிக்கா முகம் தொடைக்கிறா.
ஒம்பதுல யாரு வர்றா?”
யாரும் வரவில்லை.
பத்தாவதில் அவர் மலைமேல் நிற்கிறார்,
உடையை உரிகிறார்கள்.
“அப்ப எந்திரிச்சது எங்க?”

விழுந்ததற்கு மூன்று படம் உண்டு.
எழுந்ததற்கு ஒன்றுகூட இல்லை.
இத்தனை வருஷம் முழங்காலிட்டும்
நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எட்டு முடிந்தது.
மைக் அவனைவிட உயரம்.
“இயேசு”
நல்லது.
“மூ”

மைக் அந்த மூவை வாங்கி
ரோடு வரைக்கும் கொண்டுபோகிறது.
ஏதோ லாரி ஹாரன் அடிக்கிறது.
முன்வரிசையில் ஒரு தோள் குலுங்குகிறது.
என் வாயில் முழுச்சொல்லும் தயார்,
எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது.
சேலைத் தலைப்பைப் பல்லில் கடிக்கிறேன்.
மாதாவே,
நாலாம் நிலையில் நீயும்
பார்த்துக்கொண்டுதானே நின்றாய்.

கண்ணை மூடுகிறான். மூச்சு விடுகிறான்.
தாள் நடுங்குகிறது, தாழவில்லை.
‘இயேசு’வுக்குத் திரும்பிப் போகவில்லை அவன்.
விழுந்த இடத்திலிருந்தே
“மூ... மூன்றாம் முறை
கீழே விழுகிறார்.”

மீதி ஜெபத்தில் இன்னும் நாலு இடத்தில் மாட்டினான்.
ஒரு வார்த்தையை விட்டே விட்டான்.
முடிக்கையில் குரல் கிழிந்திருந்தது.

முழங்காலிட்டோம்.
சிமெண்டுத் தரையில் பகல் சூடு மிச்சம்.
பிறகு எழுந்தோம்,
பெஞ்சைப் பிடித்து, அடுத்தவள் தோளைப் பிடித்து,
கைக்குழந்தையை இடம் மாற்றி,
பத்தாம் படத்தின் பக்கமாய்.
இடையில் நாலடிச் சுவர்.
வெறும் சுண்ணாம்பு, ஒரு பல்லி.

தாளை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கூட்டத்தோடு நடக்கிறான் சலேத்.
என் பக்கம் திரும்பவில்லை.
வீட்டுக்குப் போனதும்
முதலில் எருமையிடம்தான் சொல்வான்.