பன்னிரண்டு வோல்ட்

எங்கள் அன்பியக் குடிலுக்கு இந்த முறை
மலை வேண்டுமாம்.
குளச்சல் ஏலக்கூடத்தில் தூக்கிப்போட்ட
தெர்மோகோல் மீன்பெட்டிகள் பதினெட்டு,
கிளீட்டஸ் தலையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான்.
கத்தி வைத்தால் மணிமணியாய் உதிர்கிறது.
பெத்லகேமில் பனி பெய்ததோ என்னவோ,
என் கூந்தலில் பெய்தது.

கம்பியைச் சூடாக்கி அறுப்போம் என்றேன்.
கருங்கலில் வாங்கிய நிக்ரோம்
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
மரச்சட்டத்தில் நாண் போல இழுத்துக் கட்டி,
சூட்டில் தொய்யாமலிருக்க
ஒரு முனையில் பேனா ஸ்பிரிங்.

"கரண்டு?"

"ஒனக்க அயன்பாக்ஸ இடையில சேத்துக் கட்டுக்கா,
நேரா செவத்துல குத்து.
மண்டைக்காட்டுல ஒருத்தன் அப்பிடித்தான் செய்யான்."
செய்கிறானா, செய்தானா என்று கேட்டேன்.
கிளீட்டஸ் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான்.

சுடும், சரிதான்.
ஆனால் அந்த அம்மணக் கம்பி முழுக்க
வீட்டுக் கரண்டு நின்றுகொண்டிருக்கும்.
அயன்பாக்ஸ் காவல்காரன் இல்லை,
அதே பஸ்ஸில் ஏறிய இன்னொரு பயணி.
உப்புக்காற்றில் எங்கள் சுவரே வியர்க்கும்;
என் உள்ளங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போன் சார்ஜரில் கொடுத்துப் பார்த்தோம்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி அளவுக்குச் சுட்டது.
தெர்மோகோல் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

ஸ்டெலஸ் தன் பைக் பேட்டரியைக் கழற்றித் தந்தான்.
ஒரு சாண் கம்பி
செக்கச்செவேலென்று எழுந்து
டிங் என்று அறுந்தது.
பதற்றத்தில் நழுவிய ஸ்பானர்
இரண்டு முனைக்கும் குறுக்கே விழ,
நீலமாய் ஒரு வெட்டு.
ஸ்பானரின் விளிம்பில் இன்னும் இருக்கிறது
ஈயெறும்பு கடித்த அளவு கறுப்புக் குழி.
பேட்டரிக்குக் கேட்டதையெல்லாம் கொடுக்கத்தான் தெரியும்.
போதும் என்பது
அதன் வாயில் வராத சொல்.

லேப்டாப் சார்ஜர் மானஸ்தன்.
மிச்சமிருந்த துண்டைக் கண்டதும்
கண்ணை மூடிக்கொண்டான்.
கொழுந்தியாள் மகள் வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் பார்த்தேன்,
குடிலின் மேலே தொங்கவிட வாங்கிய நட்சத்திரம்.
அதன் எல்இடி பட்டைக்கு
ஒரு தகரப்பெட்டி:
பன்னிரண்டு வோல்ட், ஐந்து ஆம்பியர்.
உள்ளே சுவர்க் கரண்டு ஒரு பக்கம்,
நட்சத்திரத்துக் கரண்டு மறுபக்கம்.
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
தொடாமலே கொடுக்கல் வாங்கல்.

கோயில் வரிக் கவரின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஒரு முழம் கம்பி, ஆறு ஓம்.
இரண்டு ஆம்பியர் எடுக்கும், பெட்டிக்கு மூச்சு வாங்காது.
மூன்று ஆம்பியரில் ஒரு ஃபியூஸ்.
சுவர்ப்பக்கத் திருகாணிகளுக்கு மூடி.
அழுத்தினால் மட்டும் ஓடும்
காலிங்பெல் பொத்தான் ஒன்று;
கையை எடுத்தால் நிற்கும்.
"இவ்வளவு எதுக்குக்கா" என்றான்.
உனக்குத்தான் என்றேன்.

மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தோம்.
அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது,
அதிலும் பழைய சாளை நெய் ஊறிய புகை.
கம்பி சிவக்கவில்லை.
பெட்டியின் மூலையில் வைத்ததும்
கரையேறிய அலை மணலில் வற்றும்போது
ஒரு சத்தம் வருமே,
அதுதான்.
ஒரு சரிவு தனியே கழன்று விழுந்தது,
சோற்றுப்பருக்கை அளவுகூட உதிராமல்.

பொத்தானிலிருந்து கையை எடுத்ததும்
கிளீட்டஸ் கம்பியைத் தொட்டான்.
சிவக்காதது சுடாது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஆள்காட்டி விரலில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்தது போல.
பதினைந்து நிமிடம் குழாயடியில் நின்றான்.
ஆறிய கம்பியும் ஆறாத கம்பியும்
பார்க்க ஒரே மாதிரி என்பதை
கவரில் எழுதாமல் விட்டது என் தப்பு.

பதினாறாவது பெட்டியில் மலை முடிந்தது.
பெயின்ட் அடித்தும் வாடை போகவில்லை.
தீர்ப்பு சொல்ல வந்தவர்கள்
மூக்கைச் சுளித்து மார்க் போட்டார்கள்.
மூன்றாம் பரிசு, ஒரு குடம்.

குழந்தையை இருபத்துநாலாம் தேதி நள்ளிரவில்தான் வைப்போம்.
அதுவரை காலியாய்க் கிடக்கும் வைக்கோலில்
சூசையப்பரின் காலடியில் சுருண்டு
எங்கிருந்தோ வந்த ஒரு பூனை
மலையை நக்கிக்கொண்டிருந்தது.