தொண்ணூற்றாறு டிகிரி

ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே நிறுத்தி
மஞ்சள் பையில் கொண்டுவந்தார் கோகிலவாணி.
"ஏனுங்க, இதைய ஆன் பண்ணுனா
ஏரோப்ளேன் கெளம்பற மாதிரி கத்துது.
மடியில வெச்சா தொடை வேகுது.
எக்ஸலைத் தொறந்தா அணைஞ்சே போயிருது.
புதுசு வாங்கோணுமுங்களா?
மொதலாளி காதுல போடாம சொல்லுங்க."

வாலிபாளையம், இரண்டாம் மாடி.
என் தலைக்கு மேலேயும் ஒரு விசிறி,
அதுவும் கத்தும்.
அதைக் கழற்ற எனக்கு நேரமில்லை.

ஒரே ஒரு கணக்குத் தாளைத் திறந்ததற்கு
தொண்ணூற்றாறு டிகிரி என்றது.

பத்துத் திருகாணி.
பதினொன்று ரப்பர் காலுக்கடியில் ஒளிந்திருக்கும்.
அதை மறந்து நெம்பியவர்கள்
உடைந்த ஓட்டோடு என்னிடம் வருவார்கள்.
பேட்டரி வயரைப் பிடுங்கினேன் முதலில்.
பிறகு விசிறி.

விசிறியில் ஒரு குற்றமுமில்லை.
விரலால் தட்டியதும் சுற்றியது, சத்தமின்றி.
குற்றம் அதற்கு அந்தப்பக்கம்.
செம்புக் குழாய் முடிகிற இடத்தில்
சீப்புப் பல்லாகத் தகடுகள்,
பல்லை மறைத்து ஒரு மெத்தை.
இடுக்கியால் இழுத்தேன்.
கிழியாமல் முழுசாக வந்தது.

மற்ற ஊரில் இதற்குப் பேர் தூசி.
இங்கே பஞ்சு.
முப்பதாம் நம்பர் நூல் உதிர்த்தது.

டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தேன்.
நிறம் நிறமாக அடுக்கு.
மேலே வெளிர்ரோஜா.
"போன மாசமுங்க, கொழந்தைக டிரஸ்ஸு."
அதற்கடியில் பச்சை.
"அந்தப் பார்ட்டி இன்னும் பணம் போடலீங்க."
அதற்கும் அடியில் சிவப்பு, மெலிசாக.
"கிறிஸ்மஸ் ஆர்டரு. லாரி ஏறுற வரைக்கும்
மூணு ராத்திரி நாங்க யாரும் படுக்கலை."

கடைசியில், தகட்டை ஒட்டி, கறுப்பு.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
"அந்த வருஷம் நான் செக்கிங்குல இருந்தேன்.
இது வேறொருத்தங்க மேசையில இருந்துச்சு" என்றார்.
யார் என்று நான் கேட்கவில்லை.

பழைய பேஸ்ட்
காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.
ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தேன்
சிப்பில் என் முகம் தெரியும்வரை.
புதுசு ஒரு பச்சைப்பயறு அளவு போதும்.
தோசைக்குச் சட்னி மாதிரி அப்பினால்
அதுவே போர்வையாகிவிடும்.

முடுக்கிக்கொண்டிருந்தபோது இருமினார்.
வறட்டு இருமல், நாலைந்து தடவை,
முடிந்ததென்று நினைத்தால் இன்னொன்று.
"மாஸ்க் போடலாமுங்களே?"
"போட்டா கண்ணாடியில ஆவி பூக்குதுங்க,
துணியில ஓட்டை இருந்தாத் தெரியறதில்லை."

என் டிராயரில் இருந்தவை
பிரஷ், புளோயர், ஸ்பிரிட்.

பட்டனை அழுத்தினேன்.
"ஓடலீங்களா?"
ஓரத்துத் துளையில் உள்ளங்கையை வைத்தார்.
வெதுவெதுப்பாகக் காற்று.
ஐம்பத்தொன்று.

"கம்பெனியில நாப்பது மெசினு ஓடுது,
அங்க இது கத்துனாலும் கேக்காது.
வூட்டுலதானுங்க தொந்தரவு.
ராத்திரி பதினொண்ணுக்கு வெளிநாட்டுக்கு மெயில் போடோணும்.
பையன் எந்திரிச்சு உக்காந்துக்குவான்.
அம்மா, அதுக்கு மூச்சு வாங்குது,
போதும்னு சொல்லும்பான்."

கட்டிங் டேபிளில் வைக்காதீர்கள் என்றேன்.
"வேற எங்கீங்க வெக்கறது?" என்றார், சிரிக்காமல்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொன்னேன்.

நானூற்றைம்பது. நானூறு தந்தார்.
மீதி பொறவு.
மெத்தையைக் குப்பையில் போடப் போனேன்.
"இங்க குடுங்க" என்று வாங்கி
பில்லுக்குள் வைத்து மடித்து
பையில் போட்டுக்கொண்டார்.
மொதலாளிக்குக் காட்டவா,
அந்த வேறொருத்தருக்கா, தெரியாது.
படியில் இறங்கும்போது
ஒரு மாடிக்கு ஒரு இருமல் கேட்டது.

கடை சாத்துமுன் ஸ்டூல் போட்டு ஏறினேன்.
இறக்கையின் விளிம்பை விரலால் வழித்தேன்.
இரண்டாம் மாடி, எப்போதும் அடைத்த ஜன்னல்.
விரல் நுனியில் நீலம்.
எந்த ஆர்டரோ.