மெதுவாகத் தட்டுகிறவர்

அன்செல்ம் விதலாங்க்,
துணை ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டாம் நிலைக் குமாஸ்தா,
இருபத்திரண்டு வருடமாக.
ரொட்டிக்கடை வரிசையில்
பின்னால் வந்தவர்களை முன்னால் விட்டுவிட்டு
அதற்கும் மன்னிப்புக் கேட்பார்.
மேலதிகாரியின் காலி நாற்காலியைக் கடக்கும்போதும்
தொப்பியைக் கழற்றுவார்.
பெருமை என்று அவருக்கு ஒன்று உண்டென்றால்
அவர் எழுதிய பேரேடுகளில்
ஒரு சொட்டு மை சிந்தியதில்லை.

ஆகஸ்டு. தார்ன் ஆறு வற்றி
அடிக்கற்கள் தெரிந்த மாதம்.
தட்டச்சு இயந்திரம் பழுதுக்குப் போயிருந்ததால்
பட்டியலைக் கையால் எழுதச் சொன்னார்கள்.
வெளிநாட்டு யூதர்கள், நாற்பத்தோரு பேர்,
முகவரியோடு, விடியற்காலை நாலரைக்குள்.
ஐந்து மணிக்கு லாரி.

கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.
கிர்ஷென்ப்ளாட், ஷ்முல், தையல்காரர்.
ரோய்ட்மன், பெர்லா, கைம்பெண்.
எல்லாரையும் தெரியும்.
மாதாமாதம் அனுமதிச்சீட்டை நீட்டிக்க வருவார்கள்.
தன்னைப் பார்த்தும் பயப்படுகிறவர்கள்
உலகத்தில் இருக்கிறார்கள் என்று
அவர்களிடம்தான் தெரிந்துகொண்டார்.
அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏழாவது பெயரில் கை நடுங்கியது.
வெறும் பயம்தான், வேறொன்றுமில்லை.
வீட்டு எண்ணின் மேல்
கரிய பட்டாணிபோல் ஒரு சொட்டு.
ஒற்றுத்தாளை எடுத்தார்.
ஒற்றவில்லை.
கையில் பிடித்தபடி
மை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தெருவின் பெயரும் மூழ்கியது.

அதன்பின் நடந்தவற்றை
வீரம் என்று எழுத எனக்கே கூச்சம்.
பதினேழு பதினொன்றானது,
எரிந்துபோன தோல் கிடங்கின் எண்.
மேல்தெரு கீழ்த்தெருவானது.
ஓர் அட்டை காலணிக்குள் போனது.
நடுவில் இரண்டு முறை
கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தார்.

ஆனால் ஊர் சிறியது.
மைக்கறை அரைநாள் தாங்கினால் அதிகம்.
யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.
யாராவது, யாராவது என்று நினைத்துக்கொண்டே
தொப்பியைத் தேடி எடுத்தார்.

அழைக்காத வீட்டுக்கு
அவர் ஒருநாளும் போனதில்லை.
முதல் கதவை,
உள்ளே கேட்டுவிடக்கூடாதே என்பதுபோல் தட்டினார்.
கேட்கவில்லை.
விரல் மடக்கி மறுபடி.
பிறகு முஷ்டியால்.
தெருவே விழித்துக்கொண்டது என்று நினைத்தார்.
ஒரு பூனை மட்டும் பார்த்தது.

தையல்காரர் திறந்தார்.
குமாஸ்தாவைக் கண்டதும்
பழக்கத்தில் அனுமதிச்சீட்டை எடுத்து நீட்டினார்.
"அது வேண்டாம். போய்விடுங்கள். இப்போதே."
சொல்லிவிட்டு
"மன்னியுங்கள்" என்றார், எப்போதும்போல.

பதினொரு கதவுகள்.
பத்து திறந்தன.

சலவைத்துறைச் சந்தில்
இரண்டு தட்டுத் தட்டியதும் நாய் குரைத்தது,
எதிர் ஜன்னலில் விளக்கு வந்தது.
ஓடினார்.
திரும்பிப் போகலாம், திரும்பிப் போகலாம் என்று
பாலம் வரைக்கும் ஓடினார்.
பாலத்தில் மணி நாலடித்தது.
அந்த வீட்டில் மூன்று பேர்.
சின்னவளுக்கு ஆறு வயது.
அவளுடைய பிறந்த தேதியை
அவர்தான் அட்டையில் எழுதியிருந்தார்,
சிந்தாமல்.

மை விரயத்துக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
சந்தேகம் யாருக்கும் வரவில்லை.
விதலாங்கா?
வாயில் விரலை வைத்தாலும்
கடிக்கத் தெரியாதவராயிற்றே!

போர் முடிந்தது. ஓய்வும் பெற்றார்.
மாலை நடந்துவிட்டு வந்தால்
சாவி கையில் இருக்க,
பூட்டாத தன் வீட்டுக் கதவையே
முஷ்டியால் இடிப்பார்.
"திறந்துதானே கிடக்கிறது,
ஊரையே எழுப்புகிறீர்களே" என்பாள் ஓனரீன்.
பதில் சொல்லமாட்டார்.
இன்னொரு முறை இடித்துவிட்டு
வாசலிலேயே நிற்பார்,
உள்ளேயிருந்து
காலடி கேட்கும்வரை.