கேட் மூடியிருக்கிறது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை வரைய
பதினோரு நாள் ஆனது எனக்கு.
துரு மட்டும் மூன்று நாள்.

"இதில் எதிரி யாரு?"
பணம் போட வந்தவர் கேட்டார்.
கூட்ஸ் வண்டி, என்றேன்.
"சுடலாமா?"
முடியாது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணலாம்.

அவர் காட்டிய ஆட்டங்களில்
பனிமலை, டிராகன், மார்பில் கவசம்.
வாளை மாற்றினால் அடுத்த ஆட்டம்.
ஒன்றில் மட்டும் மழை நன்றாகப் பெய்தது.
அதைத் திருடிக்கொண்டேன்,
எண்ணூர்ப் புகையைக் கொஞ்சம் கலந்து.

ஹெப்சிபா சத்தம் பிடித்து வந்தாள்:
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின்,
ஷேர் ஆட்டோ ஹாரன்,
"இன்னா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டியா?"
அது யார் குரல் என்று அவளுக்கும் தெரியாது.

முதலில் விளையாடியவன்
கீழ்வீட்டு ஜோயல், ஒன்பது வயது.
குதிக்கிற பட்டனைத் தேடினான். இல்லை.
சுடுகிற பட்டன். அதுவும் இல்லை.
கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.
பிறகு தலையிலிருந்த மீன்கூடையை இறக்கிவிட்டு
கேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிற பொம்மைக்குக்
கையாட்டத் தொடங்கினான்.

சோதனைக்கு வைத்து, எடுக்க மறந்த பட்டன் அது.
அந்தப் பொம்மைக்கு நான் வேலை எதுவும் தரவில்லை.
கூட்டம் காட்ட நிறுத்திய உருவம்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
தெரிந்து தெரிந்து மறைந்தது.

"அக்கா, அது என்னியே பாக்குது."

இல்லடா என்று சொல்ல வாயெடுத்தவள்
லேப்டாப்பைத் திறந்தேன்.
நாற்பதாவது பெட்டி போய்க்கொண்டிருந்தது.
கேட் திறப்பதற்குள்
அதற்கு ஒரு கை எழுத வேண்டும்.