மூன்று நிமிடம்

ஆளுக்கு மூன்று நிமிடம்.
கடிகாரம் என் கையில்.
ஊராட்சி எழுத்தர் வேலையில்
பதினோரு ஆண்டாய்க் கற்றது இது ஒன்றுதான்:
பேசுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் கட்டைவிரல் தயங்கும்.

மார்ச் மாதம். சுபீரியர் ஏரி இன்னும் கல்லாய்க் கிடந்தது.
அலுவலகத்தில் கொதிகலன் பழுது,
அதனால் கூட்டம் நூலகத்தில்.
எதை மூடலாமென்று பேசக் கூடினோமோ
அதன் கணப்பில்தான்
எல்லோரும் கையுறை கழற்றினோம்.
இதைக் குறிப்பேட்டில் எழுத முடியாது.

தலைவர் ட்ரெவாரோ கணக்கு வாசித்தார்:
செம்புச் சுரங்கம் போனது, வரி போனது,
கூரைக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு,
புத்தகம் எடுப்பவர் நாளுக்குப் பதினான்கு பேர்.
பதினான்கு என்னும்போது குரலைத் தாழ்த்தினார்,
துக்க வீட்டில் வயது கேட்பவர் போல.

முதலில் பனிவாரி வண்டி ஓட்டுநர்.
இரண்டே வாக்கியம். மிச்ச நேரத்தைத்
தொப்பியைப் பார்த்தபடி நின்றே தீர்த்தார்.

பிறகு மார்லிஸ் ஹைக்கினென்.
கூடவே மகள் ஐலா, ஒன்பது வயது,
பஞ்சு வைத்த தலைக்கவசம்.
காலடியில் பட்டன்,
கறுப்பு நாய், நெற்றியில் மட்டும்
சட்டையிலிருந்து அறுந்து விழுந்த மாதிரி ஒரு வெள்ளை.

"இவனுக்குப் பள்ளிக்கூடம் இதுதான்," என்றார்.
"ஆறு மாதம் பனி பெய்யும் ஊரில்
ஒரு நாய்க்குட்டியை எங்கே கொண்டுபோய்
சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது?
அதோ, அந்த வரைபட மேசைக்கு அடியில்
இருமலுக்கு எழாமல் இருக்கக் கற்றான்,
அகராதி விழுந்தால் துள்ளாமல்,
சக்கர நாற்காலி வாலோரம் உருண்டால் நகராமல்.
யாரும் காசு கேட்கவில்லை.
ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.
இப்போது இன்னொரு குட்டி வருகிறது,
மரக்கிடங்குச் சாலையில் ஒரு சிறுவனுக்கு, அவனுக்கு..."

ஒரு நிமிடம் நாற்பது.

பட்டன் எழுந்தான்.
குரைக்கவில்லை. ஐலாவின் முழங்காலில்
மோவாயை வைத்து அழுத்தினான்.
எடுக்கவே இல்லை.

மார்லிஸ் பாதிச் சொல்லில் நின்றார்.
மகளைத் தரைவிரிப்பில் ஒருக்களித்துக் கிடத்தினார்,
மேலங்கியை மடித்துத் தலைக்கு வைத்தார்,
அவசரமே இல்லாத கைகள்.
அப்புறம்தான் வந்தது அது.

நான் எதை எழுதுவேன்?
வரலாற்று அலமாரியின் அடித்தட்டில்
ஒரு குழந்தையின் குதிகால்
மோதி மோதி எழுப்பிய ஓசையையா?
வேறு சத்தமில்லை. நாற்பது பேரும்
நூலகத்தில் எப்படி இருக்க வேண்டுமோ
அப்படி இருந்தார்கள்.
பட்டன் அவள் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தான்,
கரை போல.

மணி அடித்தது. மூன்று நிமிடம்.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
என் கையிலிருந்தே வந்த ஒலிக்கு
நானே கூசினேன்.

ஐலா கண் திறந்தாள்.
நாயின் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"நாம ஜெயிச்சாச்சா?"
"இன்னும் இல்லை," என்றார் அம்மா.

ட்ரெவாரோ விதிப்புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
முடிந்த நேரத்தைத் திருப்பித் தர விதியில்லை.
நான் முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினேன்.
"மூன்று நிமிடம் இருக்கிறது," என்றேன்.
பதினோரு ஆண்டில் கூட்டத்தில் என் குரல்
கேட்டது அன்றுதான்.

மார்லிஸ் தரையிலிருந்து எழவில்லை.
"அந்தச் சிறுவனின் அம்மாவுக்குக் கொடுங்கள்."
கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்,
நாலாய் மடித்த காகிதத்தோடு.
முழு மூன்று நிமிடமும் பேசினாள்.
நான் முகத்தைப் பார்த்தேன்.

தீர்மானம்: ஓராண்டுக்கு, வாரம் நான்கு நாள் திறப்பு.
ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று.
கூரை ஒழுகுவது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வந்திருந்தோர் பட்டியலில்
நாற்பத்தொன்றாவதாகப் பட்டன் என்று எழுதினேன்.
ட்ரெவாரோ அதை அடிக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார்.